எட்டாவது துண்டு

அன்று எங்கள் ஆலயத் தோட்டத்துத் தொட்டியருகே இருந்தவர்கள் பதினான்கு பேர். எங்கள் சபைக் குரு சாலமோன் தங்கையா ஐயா, அவரிடம் பதினோரு வருடமாகப் பாடம் கேட்கிற, வயதில் அவருக்கு மூத்த மாசில்லாமணி உபதேசியார், ஆலயத்தில் மணியடிக்கிற நான். ஆக மூன்று. பெந்தெகொஸ்தே சபையிலிருந்து கிதியோன் பாஸ்டர், முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க ஆறு பேர், பாடுகிறவர்கள் நான்கு. ஆக பதினொன்று. அந்த ஆறு பேரில் ஒருத்தி பியூலா, உபதேசியாரின் மகள்.

வழக்கமாக முழுக்குக் கொடுக்கிற ஆற்றில் தண்ணீர் வற்றிவிட்டதால் பாஸ்டர் எங்கள் தொட்டியைக் கேட்டிருந்தார். ஐயா சரியென்றுவிட்டார்.

காலையிலேயே உபதேசியார் வந்து கேட்டார்.

"குழந்தையில நம்ம ஆலயத்துல அவ தலையில விழுந்த தண்ணி செல்லாதுன்னு சொல்ற காரியம் இது. அதுக்கு நம்ம தொட்டியாய்யா? இனி நான் எந்த முகத்தோட பிரசங்கம் பண்ணுறது? அவ இறங்குறதை நான் பார்க்க மாட்டேன்."

ஐயா என்னைப் பார்த்தார். "எட்டுத் துண்டு எடுத்துக்கிடுங்க."

"நனையப்போறது ஏழு பேர்தான்யா. அந்த ஆறு பேரும் பாஸ்டரும்."

"எட்டு."

தொட்டியருகே பாஸ்டர் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசுல உள்ளதை மறைக்கக்கூடாதுய்யா. விசுவாசிக்கிறவன் தன் கால்ல நடந்து தண்ணிக்குள்ள இறங்கணும். குழந்தைக்கு அது முடியாது. வேதத்தை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்."

"அதே வேதம்தான் பாஸ்டர். நாம கையை நீட்டுறதுக்கு முந்தியே பரம தகப்பன் நம்ம கையைப் பிடிச்சிடுதார். குழந்தைக்குத் தண்ணி தெளிச்சு அதைத்தான் நாங்க சொல்றோம்."

"அழகாத்தான் இருக்கு. ஆனா ஒத்துக்கிட முடியல."

"நீங்க சொன்னதும் என்னைத் தொட்டது. ஆனா நானும் ஒத்துக்கிடல. தண்ணி இடுப்பளவு போதுமா?"

"தாராளம்."

இருவரும் சிரித்தார்கள். முப்பத்திரண்டு வருடமாக மணியடிக்கிறேன். இவர் எங்கள் ஐயா என்று சொல்லிக்கொள்ள அன்றைக்குப் போல் எனக்கு என்றும் நெஞ்சு நிமிர்ந்ததில்லை. அந்தப் பாஸ்டரும் எங்கள் ஊர்க்காரர்தான்.

உபதேசியார் பம்புசெட் சுவரோரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

ஐந்து பேர் முங்கி எழுந்துவிட்டார்கள். கடைசியாக பியூலா. மூன்றாம் படியில் நின்றுவிட்டாள். சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம்.

பாஸ்டர் தண்ணீருக்குள் நின்று காத்திருந்தார். "அவசரமில்லம்மா. இன்னைக்கு வேண்டாம்னாலும் சரிதான்."

"வாரேன் பாஸ்டர்," என்றாள். கால் நகரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, "அப்பா," என்றாள்.

உபதேசியார் திரும்பினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கிக் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் அவளைப் பாஸ்டரிடம் விட்டுவிட்டு அங்கேயே நின்றார். அவள் முங்கி எழுந்தாள்.

கரையேறிய உபதேசியாரின் வேட்டி சொட்டிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நம்ம உபதேசத்தை விட்டுக்கொடுத்துட்டேனாய்யா? நான் செஞ்சதை நாளைக்குச் சபையில என்னன்னு சொல்லுவாங்க?"

ஐயா எட்டாவது துண்டை அவர் தோளில் போட்டார்.

"இடுப்புவரைதானே நனைஞ்சீங்க. அதை நம்ம சபையிலயும் ஞானஸ்நானம்னு சொல்ல மாட்டாங்க, அவங்க சபையிலயும் சொல்ல மாட்டாங்க."

"வேற என்னன்னு சொல்லுவாங்க?"

"பியூலாவுக்கு அப்பான்னு."

உபதேசியார் அந்தத் துண்டால் வேட்டியைத் துவட்டிக்கொண்டார்.

நான் துண்டுகளை எண்ணினேன். எட்டும் ஈரம். மீதி ஒன்றுமில்லை.