வெயிலில் விழித்த கோட்டான்

ஒரு புளியந்தோப்பில் கோட்டான் ஒன்று இருந்தது. இருட்டில் எலி மூச்சு விட்டாலே போதும், பிடித்துவிடும். அப்படிப்பட்ட வேட்டைக்காரன்.

ஒரு கோடையில் தோப்பு தீப்பிடித்துக் கரிந்துபோனது. கோட்டானும் அதன் மனைவி கூகையும் ஒரே குஞ்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. குஞ்சின் பெயர் சிறுகண்ணி. அப்போது அது கண்ணே திறக்கவில்லை. எத்தனை ஆறு தாண்டின என்று கேட்காதீர்கள். நிறைய.

கடைசியில் கிளிகளின் அத்திக்காடு வந்தது.

"இங்கே எல்லாம் பகலில்தான்!" என்றது தலைமைக் கிளி. "ராத்திரியில் சுற்றுகிறவர்களுக்கு இடமில்லை. பகலில் விழித்து வேலை செய்தால் உங்கள் பிள்ளைக்குப் பள்ளி உண்டு. படித்து முடித்தால் சொந்தப் பொந்து. அப்புறம் அவளை யாரும் விரட்ட முடியாது!"

"எங்களுக்குப் பொந்து?" என்று கேட்டது கூகை.

"உங்களுக்குக் கிளை!"

கோட்டான் குஞ்சைப் பார்த்தது. "சரிங்க," என்றது.

மறுநாளிலிருந்து மரத்தடியில் சருகு ஒதுக்கும் வேலை. வெயில் கண்ணில் மிளகாய்போல் எரிந்தது. கோட்டான் மரத்தில் முட்டியது. புதரில் விழுந்தது. காக்கைகள் கொத்தின. கூகையோ இறக்கையை விரித்து, குஞ்சுக்கு வெயிலைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிப் பழக்கியது. சிறுகண்ணிக்குப் பகல் பழகிவிட்டது. பெற்றவர்களுக்குக் கடைசிவரை பழகவில்லை.

ஒரு நண்பகல். கோட்டான் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனது. கண் கூசியதில், அதை மைனாக் குஞ்சின் வாயில் ஊட்டிவிட்டது!

"ஐயோ, இந்த முட்டைக்கண்ணு மாமா எனக்கு ஊட்டுறாருடா!" என்று கத்தியது மைனா. பள்ளியே சிரித்தது. "சிறுகண்ணி, உங்கப்பாவா?"

"சேச்சே! அவர் சருகு ஒதுக்குறவர்."

கோட்டானுக்குக் கண்தான் மோசம். காது கூர்மை. கிளைக்குத் திரும்பிவிட்டது.

"ஏங்க, பிள்ளை சாப்பிட்டாளா?" என்று கேட்டது கூகை.

"சாப்பிட்டா."

"பேசினாளா?"

"பேசினா. அசல் கிளியாட்டமே பேசுறா, புள்ள!" என்று சொல்லிவிட்டு, கழுத்தை முழுக்கப் பின்னால் திருப்பிக்கொண்டது.

சிறுகண்ணி படித்து முடித்தது. பொந்து கொடுக்கும் நாளுக்கு முந்தைய அந்தி. "அப்பா, நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கீங்கன்னு சொல்லிட்டேன்," என்றது தயங்கியபடி. பிறகு அவசரமாக, "ஆனா இனிமே நீங்க பகல்ல விழிக்கவே வேண்டாம்! என் படிப்புதான் முடிஞ்சுதே! இப்பவே போய் வேட்டையாடுங்கப்பா!" என்றது.

கோட்டானுக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை வருஷம்! இறக்கையை விரித்து, மங்கிய வெளிச்சத்தில் பாய்ந்தது.

மடார்! எதிர்க்கிளையில் மோதிக் கீழே விழுந்தது.

"என்னப்பா ஆச்சு?" என்று பறந்து வந்தது சிறுகண்ணி.

"ஒண்ணுமில்ல. இருட்டும் தெரியல." கோட்டான் லேசாகச் சிரித்தது. "வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு இருட்டை மறந்துடுச்சு. போகட்டும் விடு. உனக்குத் தெரியுதுல்ல? அது போதும்."

சிறுகண்ணி அப்பாவின் இறக்கையில் ஒட்டிய சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்தது.

மறுநாள் காடே கூடியது. பெற்றவர்கள் முதலில் பொந்துக்குள் நுழைய வேண்டும், பிள்ளை பின்னால் போக வேண்டும். அது அங்கே வழக்கம்.

"உன் பெற்றோர்தான் ஊரில் இல்லையாமே! நீயே நுழைந்துகொள்!" என்றது தலைமைக் கிளி.

சிறுகண்ணி நுழையவில்லை. விர்ரென்று, பெற்றவர்கள் இருந்த தாழ்ந்த கிளைக்குப் பறந்து போனது. "அப்பா, என் இறக்கையை ஒட்டியே வாங்க. அம்மா, நீங்க இந்தப் பக்கம்."

"வேண்டாம்மா! எல்லாரும் சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும்ப்பா."

கொளுத்தும் வெயிலில், அத்தனை பேர் பார்க்க, மூன்றும் மெல்ல மெல்லப் பறந்து வந்தன.

"நான் சொன்னது பொய்!" என்றது சிறுகண்ணி சத்தமாக. "இவர் எங்கப்பா. இவங்க எங்கம்மா. எனக்காகத்தான் பகல்ல விழிச்சாங்க. இந்தப் பொந்து இவங்க சம்பாதிச்சது!"

ஒருவரும் சிரிக்கவில்லை. கோட்டான் தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்தது. அலகால் நாலு பக்கமும் தொட்டுப் பார்த்தது.

"நல்ல பொந்து, புள்ள," என்றது கூகையிடம். "மழை வராது. மூணு பேர் தாராளமா படுக்கலாம்."

தம் கண்ணைக் கொடுத்துப் பிள்ளைக்கு வழி காட்டிய பெற்றோரை, நாலு பேர் முன்னால் 'என்னைப் பெற்றவர்கள்' என்று சொல்ல வெட்கப்படாதவரே படித்தவர்.