ஜமீன்தாருக்குக் கிடைத்த புதுப் பட்டம்

கலெக்டர் துரை தன்னைப் பார்த்துக் கோபத்தில் கத்திய ‘இக்னாமினி’ என்ற சொல்லை ஜமீன்தார் ரங்கபூபதி ஏதோ பட்டமென்றே நினைத்துவிட்டார். நினைத்ததோடு விட்டாரா? சபையில் தன் பட்டங்களைக் கூவும் கட்டியக்காரன் மாசிலாவைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு இதையும் சேர்த்துக் கூவு. பொருளும் சொல்லணும். இல்லையென்றால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றிவிடுவேன்.”

மாசிலா பொருள் கேட்கத் துரையின் சமையல்காரரிடம் ஓடினான்.

“அடப்பாவி, அது ஊரறிந்த அவமானமப்பா! லத்தீனில் அதற்குப் பெயரில்லாமல் போவது என்று பொருளாம்; துரை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தாரே!”

மாசிலா யோசித்துப் பார்த்தான். சொன்னாலும் கழுதை, சொல்லாவிட்டாலும் கழுதை.

மறுநாள் வாசலில் கழுதை தயாராக நின்றது. மாசிலா கூவினான்: “ராஜாதிராஜ, ராஜமார்த்தாண்ட, இக்னாமினி...” அதோடு நிறுத்திக்கொண்டான்.

“டேய், என் பெயர் எங்கேடா?”

“அதுதான் பொருள், எஜமான். அந்தப் பட்டம் வந்தால் பெயர் போய்விடுமாம். பட்டத்தையா, பெயரையா, எதைக் கூவட்டும்?”

சபை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது.

“துரை அன்றைக்குச் சிரிக்கவே இல்லையே...” என்று முனகிய ஜமீன்தார், “பெயரையே கூவித் தொலை!” என்றார்.

கழுதை வெறும் முதுகோடு வீடு திரும்பியது.