முடிச்சுப் போட்ட மூட்டை

அரண்மனையில் பதினெட்டு வருஷம் மழைக்குத் தேதி குறித்தவர் ஆவுடையப்பர். அதையெல்லாம் உதறிவிட்டு, தன்னைவிட இளையவளான உமையாள் அம்மையின் மடத்தில் சீடராகச் சேர்ந்திருந்தார். அவர் விட்டாலும் அவர் பேர் விடுமா? அன்று காலை கரிசல் காட்டு விவசாயிகள் ஆறு பேர் மடத்து வாசலில் வந்து நின்றார்கள்.

அந்தப் பக்கம் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் சோளம் விதைத்துவிடுவார்கள். சில நாளில் மழை விழவேண்டும். விழாவிட்டால் விதையெல்லாம் எறும்புக்கும் குருவிக்கும்தான், வருஷம் முழுக்கப் பட்டினி. எப்போது மழை வரும் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.

ஆவுடையப்பருக்குப் பழைய பெருமை தலைதூக்கியது. அம்மையிடம் விரைந்தார்.

"தாயே, ஐப்பசி நாலாம் தேதி மழை இறங்கும். சொல்லிடட்டுமா?"

அம்மை சுளகில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னதுல எத்தனை பலிச்சிருக்கு, ஜோசியரே?"

"பத்துக்கு ஒன்பது."

"அந்த ஒண்ணு?"

"ஜனங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போனாங்க."

"அந்த வருஷம் உங்க வீட்டுல உலை வச்சீங்களா?"

"வச்சோம். அரண்மனையிலேருந்து படிநெல்லு வந்துக்கிட்டிருந்தது." சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

அம்மை உள்ளே போய், மடத்தில் இருந்த ஒரே விதைமூட்டையைத் தூக்கிவந்து அவர் முன்னால் இறக்கினாள்.

"நாலாம் தேதிக்குள்ள இது முழுசையும் நம்ம நிலத்துல விதைச்சிடுங்க. மழை பொய்ச்சா மடத்துல உலை கிடையாது. இப்பப் போய் அவங்ககிட்ட தேதியைச் சொல்லுங்க."

மூட்டையின் முடிச்சில் கை வைத்தார் ஆவுடையப்பர். அவிழ்க்காமலே எழுந்து வாசலுக்குப் போனார்.

"எனக்குத் தெரியலைப்பா. இருக்கிறதுல பாதியை மட்டும் விதைங்க."

"தெரியலைன்னு கேக்கவா இம்புட்டுத் தூரம் நடந்து வந்தோம்?" என்றார் ஒருவர். ஆறு பேரும் விருட்டென்று கிளம்பிவிட்டார்கள்.

ஆவுடையப்பர் அம்மையிடம் திரும்பி வந்தார்.

"பக்கத்து ஊர் ஜோசியர்கிட்ட போறாங்க, தாயே. அவர் அடிச்சுச் சொல்லுவார். வீட்டுல இருக்கிறது அத்தனையும் விதைச்சிடுவாங்க."

அம்மை சுளகைக் கீழே வைத்தாள்.

"மழை பெஞ்சா நல்லா இருக்கட்டும். நாம பாதிதான் விதைக்கப்போறோம். மீதியை முடிச்சுப் போட்டு வைங்க. பெய்யலைன்னா அவங்க இங்கதான் நடந்து வரணும்."