நாலு அடி வார்த்தை

மேளக் குழு மேனேஜர் ஞானவரதனுக்கு மூன்று மாத ஸ்பானிய மொழி வகுப்பு தலைக்கேறியிருந்தது. ஸ்பெயின் பயணத்தில் தவில்காரர் சொக்கநாதனைக் கழற்றிவிட்டுத் தன் மச்சானை ஏற்றிவிட, அவர் ஒரு பரீட்சை வைத்தார். குழுவை அழைத்திருந்த ஸ்பானிய அம்மாள் மார்த்தாவும் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தாள்.

“‘கன்தாபாமோஸ்’னா ‘பாடிக்கிட்டிருந்தோம்’னு அர்த்தம். இந்த வினைச்சொல்லை அசை அசையா உடைச்சுக் காட்டணும். இல்லேன்னா பயணம் கிடையாது,” என்றார் மேனேஜர்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத சொக்கநாதன் தவிலைத் தோளில் மாட்டினார். “நாயனக்காரர் வாசிச்சதைத் திருப்பி வாசிக்கிறது என் தொழில். நீங்க சொல்லுங்கய்யா, நான் வாசிக்கிறேன்.”

மேனேஜர் சொன்னார். தவிலில் நாலு அடி விழுந்தது. அவர் அழுத்திச் சொன்ன ‘தா’வுக்கான இரண்டாவது அடியில் மட்டும் கூரை அதிர்ந்தது.

“தப்பு. அஞ்சு.”

“அப்ப அஞ்சா சொல்லுங்க, அஞ்சா வாசிக்கிறேன்.”

மேனேஜர் இழுத்துப் பார்த்தார், மென்று பார்த்தார், மூச்சு முட்டித் தும்மிவிட்டார். தும்மலுக்கும் ஒரு அடி விழுந்தது. மார்த்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நாலு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

மேனேஜர் விடவில்லை. “சரி, அதுல ‘நாங்க’ங்கிறது எங்கய்யா இருக்கு?”

“தமிழ்ல ‘இருந்தோம்’ல வர்ற ‘ஓம்’ மாதிரிதாங்க, கடைசி அடியில. குழு மொத்தமும் அங்கதான் நெருக்கி உட்கார்ந்திருக்கோம்,” என்ற சொக்கநாதன் வாசல் பக்கம் திரும்பினார். “காலையிலேருந்து பெட்டியோட நிக்கிற உங்க மச்சானுக்குத்தான் இடமில்லை. வீட்டுக்குப் போகச் சொல்லுங்க.”