எருமை முதுகுல போன வீராயி

ஒரு ஊர்ல ஒரு பரிசல்காரி இருந்தா. பேரு பொன்னுருவி. இக்கரைப் பிள்ளைங்களை அக்கரைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடுறது அவ வேலை. சளக் சளக்னு துடுப்பு போடுவா. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

அந்த ஆறு மேல பார்த்தா சாது. அடியில பயங்கர இழுப்பு. முந்தின வருஷம் ஒரு பையனைக் கொண்டு போயிருச்சு. நல்லா நீந்துற பையன்தான். ஆத்தை எதுத்து நீந்தி நீந்தி, கை ஓஞ்சு முங்கிட்டான். பொன்னுருவிக்கு மனசே ஆறலை.

அதனால பரிசல்ல வர்ற பிள்ளைங்ககிட்ட அவ, "இழுப்புல மாட்டினா எதுத்து நீந்தாதீங்க"ன்னு சொன்னா. "சரிக்கா"ன்னுட்டு மீனை வேடிக்கை பார்த்துச்சுங்க. அப்புறம் அதட்டிச் சொன்னா. அழுதுச்சுங்க, மறுநாளே மறந்துருச்சுங்க. மூணாவதா என்ன பண்ணினா தெரியுமா? துடுப்பை மடியில வச்சுக்கிட்டு, "இந்த ஆறு இருக்கே, இது ஒரு எருமை"ன்னு ஆரம்பிச்சா.

"எருமை வாலைப் பிடிச்சு இழுத்தா?"ன்னு கேட்டா.

"இன்னும் வேகமா ஓடும்!"னு கத்துச்சுங்க பிள்ளைங்க.

"முதுகுல மல்லாந்து படுத்துக்கிட்டா?"

"பேசாம நடக்கும்!"

"நடந்து நடந்து, வளைவுல புல்லு மேயக் கரைக்கு ஒதுங்கும். அப்போ இறங்கிக்கிடலாம்."

அப்புறம் தினமும் எருமைக் கதைதான். ம்... முழிச்சுத்தானே இருக்கே?

ஒரு நாள் ஆத்தோட மேல்பக்கம் நல்ல மழை. தண்ணி மொதுமொதுன்னு வந்துருச்சு. கரையில கால் கழுவிக்கிட்டிருந்த வீராயி, பரிசல்ல வர்ற ஏழு வயசுப் பொண்ணு, தொபுக்குன்னு விழுந்துட்டா. ஆறு விருட்டுனு இழுத்துருச்சு. அவ அம்மா கரையோட அலறிக்கிட்டு ஓடுறா. பொன்னுருவி பரிசலை விரட்டிக்கிட்டுப் போறா. பார்த்தா, வீராயி கையை விரிச்சு, வானத்தைப் பார்த்து மல்லாந்து போய்க்கிட்டிருக்கா! வளைவு வந்துச்சு. ஆறு அவளை மெல்ல நாணலுக்குள்ள ஒதுக்குச்சு. பொன்னுருவி லபக்குன்னு தூக்கிட்டா.

"பயந்தியாடி?"

"பயந்தேன்க்கா. ஆனா வாலை இழுக்கலை."

பொன்னுருவி அன்னிக்குத்தான் செத்துப்போன அந்தப் பையனுக்காக வாய்விட்டு அழுதா.

மறுநாள் பரிசல்ல வீராயி, "இன்னிக்கு நான் சொல்றேன்"னா. "எருமை முதுகுல படுத்தா காது தண்ணிக்குள்ள போயிரும். அம்மா கூப்பிட்டாக்கூட கேக்காது. அதுக்குப் பயந்து எந்திரிக்கக் கூடாது."

"அட, இது எனக்குத் தெரியாம போச்சே!"ன்னா பொன்னுருவி. அதுலேர்ந்து அவ சொல்ற கதையிலயும் இது சேர்ந்துருச்சு.

கதையும் கரை சேர்ந்துருச்சு. கண்ணை மூடு சாமி.