தேன் வேண்டாம் என்ற முள்ளம்பன்றி

சளப்... சளப்... சளப்!

இருட்டிய பிறகு குளத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. யாரோ குளத்தையே குடித்துத் தீர்ப்பது போல ஓயாமல் கேட்டது.

"அம்மா, பூதமா?" என்று கேட்டது பிஞ்சு என்ற முள்ளம்பன்றிக் குட்டி.

"பேசாம படு!" என்றது அதன் தாய் முள்ளி. சொன்னதே தவிர, முள்ளியின் முட்கள் எல்லாம் கலகலவென்று நடுங்கின. காட்டில் எல்லாரும் முள்ளியைப் பார்த்துப் பயப்படுவார்கள். முள்ளியோ எல்லாரையும் பார்த்துப் பயப்படும்.

ஆனாலும் குட்டி இருக்கிற வீடு. என்னவென்று பார்க்காமல் எப்படித் தூங்குவது? மெல்ல வெளியே வந்து பார்த்தது.

குளக்கரையில் ஒரு நாய். விலா எலும்பு தெரிய, கால் தள்ளாட, தண்ணீரை நக்கி நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. அருகே நாரை நின்றது. திக்கற்ற விலங்குகளைக் கரையோரக் கொட்டகையில் வைத்துக் காப்பாற்றுவதும் வைத்தியம் பார்ப்பதும் நாரைதான்.

"யாரு இது, நாரையண்ணே?"

"செவலைன்னு பேரு. ஊருக்குள்ள வளர்ந்தது. நோய் வந்ததும் காட்டோரம் இறக்கி விட்டுட்டாங்க. நரி கூட்டிட்டுப் போச்சு, திருப்பிக் கொண்டாந்து விட்டுது. கீரி கூட்டிட்டுப் போச்சு, அதுவும் அதேதான். ராத்திரி பூரா தண்ணி குடிக்குது, ராத்திரி பூரா வீட்டை நனைக்குது. என்ன வியாதின்னு எனக்கும் பிடிபடல. கொட்டகையில இடமும் இல்ல."

செவலை தலையைத் தூக்கியது. "அடுத்தது நீயாம்மா? வேண்டாம். நீயும் திருப்பிக் கொண்டு வந்து விடுவே. நடக்கத் தெம்பு இல்ல."

முள்ளிக்கு என்னவோ போலிருந்தது. "வீடு நனைஞ்சா கழுவிக்கலாம். வா!" என்றது. சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

செய்தி காடெல்லாம் பரவியது. மறுநாளே கரடி தேனடையோடு நேராக உள்ளே வந்து உட்கார்ந்தது. "அடப் பாவமே! எலும்பும் தோலுமா இருக்கே! தின்னுடா தம்பி!"

மந்தி பலாச்சுளையோடு வந்தது. கிளி மாம்பழத்தோடு வந்தது. செவலைக்கு அடங்காத பசி. எல்லாவற்றையும் தின்றது. தின்னத் தின்ன இளைத்தது!

"நாம கொடுக்கிறதை எல்லாம் இந்த முள்ளியே முழுங்குறாளோ என்னவோ!" என்று மந்தி கரடியின் காதில் சொன்னது. முள்ளியின் காதிலும் விழுந்தது. முள்ளி செவலை நனைத்த இடத்தைக் கழுவப் போனது.

ஒரு காலையில் பிஞ்சு கத்தியது. "அம்மா! வீடெல்லாம் எறும்பு!"

செவலை நனைத்த இடத்தைச் சுற்றிக் கட்டெறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"சீ! அதையா குடிக்கிறீங்க? போங்க!" என்று பிஞ்சு விரட்டியது.

"ஏன் போகணும்?" என்று ஓர் எறும்பு எகிறியது. "கரடியோட தேன்கூட இப்படி இனிக்காது! இந்த நாய் சர்க்கரையை உடம்புல வச்சுக்காம கீழே கொட்டுது. நக்கிட்டுப் போறோம். உனக்கென்ன நஷ்டம்?"

 முள்ளி உடனே நாரையிடம் ஓடியது.

"நாரையண்ணே! தின்ற இனிப்பெல்லாம் அது உடம்புல நிக்கலையாம்! எறும்பு சொல்லுது!"

நாரை அலகால் தன் தலையிலேயே தட்டிக்கொண்டது. "அட, சர்க்கரை வியாதி! நாய்க்கு வரும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு! இதுக்கு மருந்து இருக்கு. ஆனா குடிச்சா வயித்துலயே செரிச்சு வீணாயிடும். காலையிலயும் சாயங்காலமும் தோலுக்கு அடியில ஏத்தணும்."

"எதால ஏத்துவீங்க?"

"நான் எங்கே ஏத்துறது? வளர்க்கிறவதான் ஏத்தணும். உன் முதுகுலயே ஊசி இருக்கே!"

"ஐயோ! என் முள் இதுவரைக்கும் யாரையும் குத்தினதே இல்ல!"

"இதைக் குத்தலேன்னா இது செத்துடும், முள்ளி."

முள்ளி கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தது. மூடினால் இடம் தவறிவிடும். கண்ணைத் திறந்துகொண்டே செவலையின் பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து, தன் முதுகிலிருந்து எடுத்து மருந்து நிரப்பிய முள்ளை மெல்ல ஏற்றியது.

"எப்பம்மா குத்தப் போறே?" என்று கேட்டது செவலை.

"குத்தியாச்சு!" என்று பிஞ்சு கைகொட்டிச் சிரித்தது.

வேளை தவறாமல் மருந்து. அளவாகச் சாப்பாடு. இனிப்பு கிடையாது. செவலையின் தாகம் குறைந்தது. எறும்புகள் கோபித்துக்கொண்டு போய்விட்டன. விலா எலும்பின் மேல் கொஞ்சம் சதை பிடித்தது. பிஞ்சுவோடு வாசலில் ஓடக்கூட ஆரம்பித்தது.

அப்போது கரடி மறுபடி தேனடையோடு வந்தது. "உடம்பு தேறியாச்சே! இனிமே என்ன? நம்ம தேனைத் தின்னு, தம்பி!"

"இல்லண்ணே... அது வந்து..." என்று முள்ளி இழுத்தது.

"அட, ஒரு நாள் தின்னா என்ன ஆயிடும்? ஆசையா கொண்டு வந்திருக்கேன்!"

வந்தவர் மனம் நோகுமே என்று முள்ளி பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. செவலை தேனடை முழுவதையும் தின்று தீர்த்தது.

விடிவதற்குள் செவலை சுருண்டு விழுந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மூச்சில் அழுகிய பழ வாடை வந்தது. பிஞ்சு போய் நாரையை இழுத்து வந்தது. பகல் முழுக்க முள்ளியும் நாரையும் மருந்து ஏற்றியபடி செவலையின் பக்கத்தை விட்டு நகரவில்லை. பொழுது சாயும் நேரத்தில்தான் செவலையின் வால் அசைந்தது.

"அம்மா... என்னைத் திருப்பி விட்டுடு. உனக்கு எதுக்கு இந்தத் தொல்லை?"

"வாயை மூடு! சாயங்கால ஊசி பாக்கி இருக்கு!" என்றது முள்ளி. அதன் குரல் நடுங்கவில்லை.

ஊசி போட்டு முடிப்பதற்குள் வாசலில் சத்தம். கரடி, மந்தி, கிளி மூன்றும் வந்திருந்தன. கரடியின் கையில் இன்னும் பெரிய தேனடை!

"மறுபடி படுத்துட்டானாமே! இது உள்ளே போனா எழுந்து உட்காருவான். வழி விடு!"

முள்ளி நிலைப்படியில் குறுக்கே நின்றது. முட்கள் அத்தனையும் நிமிர்ந்தன. "அண்ணே, நேத்து உங்க தேன்தான் இதைச் சாகக் கிடத்துச்சு. வாயைத் திறக்காம நின்னது என் தப்பு. இன்னைக்குச் சொல்றேன். வேண்டாம்!"

"கேட்டீங்களா அநியாயத்தை!" என்று மந்தி மார்பில் அடித்துக்கொண்டது. "குத்துறதும் இவதான், பட்டினி போடுறதும் இவதான்! கல்நெஞ்சக்காரி!"

"இருந்துட்டுப் போறேன், அக்கா."

"அப்போ இந்த வாசப்படியை நாங்க மிதிக்கவே மாட்டோம்!" என்று கரடி உறுமியது.

"வெறுங்கையோட வந்தா எப்பவும் வாங்க. தேனோட வந்தா இந்தக் கதவு திறக்காது."

முள்ளி உள்ளே வந்தது. கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்துப் போட்டது.

பரிதாபப்பட்டு ஊட்டுவது யாருக்கும் எளிது. நோயைப் புரிந்துகொண்டு, கெட்ட பெயர் வந்தாலும் மறுப்பவரே உயிரைக் காப்பாற்றுகிறார்.