கொம்பாயியின் காவல் நண்டு

கரையில் ஊர் எதுவும் முளைக்காத காலத்துக் கதை இது, கேளுங்கள். கடலுக்கடியில் ஒரு பாறைமேடு. அதில் இரண்டு பவளங்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன.

ஒருத்தி கொம்பாயி. கல் உடம்பு, மான்கொம்பு போலக் கிளைகள். மற்றவள் மெத்தம்மை. எலும்பே கிடையாது, தண்ணீர் அசைந்தால் அவளும் அசைவாள்.

கொம்பாயியின் கிளைகளுக்குள் ஒரு காவல் நண்டு இருந்தது. படியும் சேற்றைத் தட்டிவிடும். பவளம் தின்ன வரும் முள் நட்சத்திரமீனைக் கடித்துத் துரத்தும்.

ஒரு வருஷம் பெரும்புயல் அடித்தது. கொம்பாயிக்கு நாலு கிளை போயிற்று. மெத்தம்மையோ பாதிக்குப் பாதி கிழிந்தாள். 'தொலைந்தாள்' என்று கொம்பாயிக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

ஆனால் மெத்தம்மை சுருண்டு கிடந்து, புண் மூடி, மெல்ல மறுபடி விரிந்தாள். பொடிமீன்கள் எல்லாம் அவளிடமே போயின. கொம்பாயிக்கு வயிறு எரிந்தது.

"ஏலே, போயி அவள அறுத்துட்டு வா."

"நான் போனா ஒன்னய யாரு பாக்கது, ஆத்தா?" என்றது நண்டு.

"நான் கல்லுல்லா. எனக்கு என்ன வரப்போவுது?"

நண்டு போய் ஒரு துண்டு அறுத்தது. துண்டு நீரோட்டத்தில் உருண்டு ஒரு பாறையில் ஒட்டியது. கொஞ்ச நாளில் அங்கே ஒரு குட்டி மெத்தம்மை.

கொம்பாயி மறுபடி அனுப்பினாள். இரண்டாம் துண்டும் ஒட்டியது. இப்போது பார்க்கும் திசையெல்லாம் மெத்தம்மை.

"ஆத்தா, ஒம்மேல சேறு அப்பிக் கெடக்கு. தொடச்சிட்டுப் போறேன்."

"சேறு கெடக்கட்டும். அவள மொதல்ல பாரு."

மூன்றாம் முறையும் நண்டு போய் ஒரு துண்டு அறுத்தது. அந்த நேரம் பார்த்து முள் நட்சத்திரமீன் வந்தது. கிளை கிளையாக ஏறித் தின்றது. நண்டு ஓடிவந்து கடித்துத் துரத்தியபோது, ஒரே ஒரு நுனிதான் உயிரோடு மிச்சம். மற்றதெல்லாம் வெள்ளை எலும்பு.

அந்த நுனியைக் கட்டிக்கொண்டு நண்டு உட்கார்ந்தது. அப்புறம் அது எங்கேயும் போகவில்லை.

பல நாள் கழித்து நுனி வாய் திறந்தது. "அந்த மூணாவது துண்டு எங்கலே விழுந்துச்சு?"

கொம்பாயியின் செத்த கிளை ஒன்றில்தான் அது ஒட்டியிருந்தது. அன்றைக்குத்தான் முதல் பூவை விரித்திருந்தது.

அடுத்தவர் காயம் ஆறுவதைப் பொறுக்காதவர், தம் காயத்தை ஆற்ற வேண்டிய கையையும் தாமே தூர அனுப்புவார்.